மல்லிகை சீசாவுக்குள் போகிறது! பறித்த கைக்கு என்ன கிடைக்கிறது?

பதாகை என்றால் கொடி. ஆவடிக்கு அருகே உள்ள கோவில்பதாகை, பெயரிலேயே கொடி பறக்கவிட்டுக்கொண்டிருக்கும் ஊர்.

பக்கத்தில் திருமுல்லைவாயில். அங்கே இருப்பது வேறு கொடி, முல்லைக் கொடி! தொண்டைமான் அரசன் ஏறி வந்த யானையின் காலை முல்லைக் கொடிகள் சுற்றிக்கொண்டன. அரசன் வாளை உருவி வெட்டினான். புதருக்குள் இருந்த லிங்கத்தின் மேல் வாள் பட்டது. இது தலவரலாறு.

தெற்கே போனால் பூவிருந்தவல்லி. அங்கே பிறந்தவர் திருக்கச்சி நம்பி. தோட்டம் போட்டு, பூ வளர்த்து, காஞ்சி வரதராஜப் பெருமாளுக்குக் கொண்டுபோய்ச் சாத்தியவர். சென்னைக்கு மேற்கே உள்ள இந்த மண், பூவினால் பெயர் பெற்ற மண்.

இப்போது அந்த மண்ணில் பெரும்பகுதி மனையாகிவிட்டது. கோவில்பதாகை ஏரியைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டன. பூத்தோட்டம் பார்க்க வேண்டும் என்றால் இன்னும் வடக்கே, வெங்கல், தாமரைப்பாக்கம் பக்கம் போக வேண்டும். அங்கே மல்லிகை விளைகிறது. கோயம்பேட்டுக்கு வருகிறது. அன்றைக்கு என்ன விலையோ அந்த விலைக்குப் போகிறது.

இந்த நேரத்தில், மணமுள்ள பூவுக்கு உலகத்தில் ஒரு புதுக் கிராக்கி கிளம்பியிருக்கிறது. அது கோவிலிலிருந்து வரவில்லை. கல்யாண வீட்டிலிருந்தும் வரவில்லை. ஜின் என்னும் மதுவிலிருந்து வந்திருக்கிறது!

இதை நல்ல செய்தி என்பதா, கெட்ட செய்தி என்பதா?

வேலியில் கிடக்கும் சரக்கு

ஜின் என்பது என்ன? தானியத்திலிருந்தோ, வெல்லப்பாகிலிருந்தோ எடுத்த சுத்தமான எரிசாராயம். அதற்குச் சொந்தமாக மணமும் கிடையாது, ருசியும் கிடையாது. ஜூனிப்பர் என்ற செடியின் காயைப் போட்டு அதற்கு மணம் ஏற்றுகிறார்கள். ஜின் என்ற பெயரே அந்தக் காயிலிருந்து வந்ததுதான். கூடவே கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல், சில வேர்கள், பட்டைகள். எல்லாவற்றையும் செம்பு வாலையில் இட்டு வடிக்கிறார்கள். நாட்டு மருந்துக் கடைக்காரருக்கு இதில் பாதிச் சரக்கு பழக்கப்பட்ட சரக்கு.

நெடுங்காலம் சில பெரிய கம்பெனிகளின் கையில் இருந்த தொழில் இது. கடந்த இருபது ஆண்டுகளில் சின்னச் சின்ன வடிசாலைகள் முளைத்தன. "எங்கள் ஊர்ப் பூ, எங்கள் ஊர் இலை, கையால் பறித்தது" என்று சொல்லி விற்க ஆரம்பித்தன. ஸ்காட்லாந்தில் 1999-ல் வந்த ஹென்ட்ரிக்ஸ் என்ற ஜின்னில் ரோஜாவும் வெள்ளரியும் சேர்த்தார்கள். அதே நாட்டின் ஐலா தீவில், தீவிலேயே கையால் பொறுக்கிய 22 வகைச் செடிகளைப் போட்டு ஒரு ஜின் செய்கிறார்கள். பிரான்சில் திராட்சைக் கொடியின் பூவைப் பறித்து ஊற வைக்கிறார்கள். அந்தப் பூ ஜூன் மாதம் நடுவில் சில நாட்கள்தான் இருக்கும். ஜப்பானில் 2017-ல் வந்த ரோக்கு என்ற ஜின்னில் செர்ரிப் பூ சேருகிறது.

எல்லாவற்றையும் விட வேடிக்கை, கனடாவில் 2017-ல் வந்த ஒரு ஜின். ஊதா நிறம். டானிக் தண்ணீர் ஊற்றினால் இளஞ்சிவப்பாக மாறும். அந்த நிறம் எங்கிருந்து வருகிறது? சங்குப்பூவிலிருந்து! சென்னைப் புறநகரில் வேலிதோறும் கேட்பாரற்றுப் படர்ந்து கிடக்கிறதே, அதே சங்குப்பூ. புளிப்புப் பட்டால் அதன் சாயம் நிறம் மாறும். எலுமிச்சம் பழச் சாறு விட்டு வீட்டிலேயே பார்க்கலாம். இங்கே வேலியில் கிடப்பது அங்கே விலை உயர்ந்த சீசாவில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இந்தியாவும் பின்தங்கவில்லை. 2017, 2018-லிருந்து கோவாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் இப்படிப்பட்ட ஜின்கள் புறப்பட்டுவிட்டன. வெட்டிவேர், வால்மிளகு, எலுமிச்சம்புல் எல்லாம் உள்ளே போகின்றன. மல்லிகைக்கும் முறை வராமல் போகாது. வந்தால் பூ எங்கிருந்து போகும்? மல்லிகை விளைச்சலில் முன்னணியில் நிற்பது தமிழ்நாடு. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

அப்படியானால் விவசாயிக்கு யோகம்தானே என்று கேட்கத் தோன்றும். அவசரப்படக் கூடாது. கணக்கைப் பார்க்க வேண்டும்.

நாற்பது லட்சம் தடவை

குண்டு மல்லியை யந்திரம் பறிக்காது. மொட்டு முற்றியிருக்கிறதா, இன்னும் ஒரு நாள் பொறுக்க வேண்டுமா என்பது கண்ணுக்கும் விரலுக்கும்தான் தெரியும். பச்சை நிறம் போய் வெள்ளை ஏறியிருக்க வேண்டும். ஆனால் வாய் திறந்திருக்கக் கூடாது. அதனால் இருட்டிலேயே தோட்டத்தில் இறங்குகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். நெற்றியில் விளக்கு, இடுப்பில் மடி. செடி இடுப்பளவுதான் வளரும். குனிந்தபடியே போக வேண்டும். பனி, சேறு, பூச்சி பொட்டு எல்லாம் உண்டு. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.

ஒரு கிலோவுக்குச் சுமார் நாலாயிரம் மொட்டு. நாலாயிரம் தடவை விரல் போய்த் திரும்பினால்தான் தராசில் ஒரு கிலோ நிற்கும்.

இனி வாசனைச் சாற்றுக்கு வருவோம். மல்லிகையைத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆவி பிடித்தால் அதன் மணம் கெட்டுவிடும். சூடு தாங்காத பூ. அந்தக் காலத்தில் பிரான்சில் கொழுப்பு தடவிய கண்ணாடித் தட்டில் பூவைப் பரப்பி, மணத்தைக் கொழுப்பில் இறங்கவைத்தார்கள். இப்போது ஹெக்சேன் என்ற கரைப்பானில் இறக்கி, மெழுகு போன்ற பொருள் எடுத்து, அதிலிருந்து சாற்றைப் பிரிக்கிறார்கள். அந்தச் சாறு ஒரு கிலோ வேண்டுமானால் ஏறக்குறைய ஒரு டன் பூ வேண்டும். அதாவது நாற்பது லட்சம் மொட்டு!

இதைக் கோவில்பதாகை அளவில் சொன்னால் இன்னும் விளங்கும். ஒரு கிரவுண்டு நிலத்தில் சுமார் 140 மல்லிகைச் செடி நடலாம். நன்றாக வந்தால் ஆண்டுக்கு 170, 180 கிலோ பூ காணலாம். ஆகவே ஆறு கிரவுண்டு தோட்டம் ஒரு வருஷம் முழுக்கப் பூத்துக் கொட்டினால் ஒரு கிலோ சாறு. ஆறு கிரவுண்டையும் மனையாக விற்றால் என்ன கிடைக்கும் என்பதை ஆவடிப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. தோட்டம் ஏன் மறைந்தது என்பதற்கு வேறு விளக்கமும் வேண்டியதில்லை.

மல்லிகைக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. ரோஜாவைப் பறித்துவிட்டால் அதோடு சரி. மல்லிகை அப்படியல்ல. பறித்த பிறகும் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். காலையில் பறித்த மொட்டு, சாயங்காலம் வரை சாது போல் இருந்துவிட்டு, இருட்டியதும் விரிந்து மணத்தைக் கொட்டும். வாசனை ஆலைக்காரர்கள் இதை அறிந்தவர்கள். பகலில் வாங்கிய மொட்டைத் தரையில் பரப்பி, இரவில் அது மலர்ந்த பிறகே தொட்டியில் இடுகிறார்கள்.

வியாபாரத்தின் சூட்சுமமும் இங்கேதான் இருக்கிறது. பூ வைத்திருப்பவனுக்கு ஒரே ஒரு இரவு. அதற்குள் விற்றாக வேண்டும். சாறு வைத்திருப்பவனுக்கோ வருஷக்கணக்கு. நல்ல விலை வரும் வரை பூட்டி வைக்கலாம். சீசா வைத்திருப்பவனுக்குக் கேட்கவே வேண்டாம். அவசரப்படுகிறவன், அவசரப்படாதவனிடம் பேரம் பேசினால் யார் ஜெயிப்பார்?

நாலாயிரமும் உண்டு, குப்பையும் உண்டு

பொங்கலை ஒட்டி, பனியில் பூ குறைந்து முகூர்த்தமும் சேர்ந்துகொண்டால், மதுரைச் சந்தையில் மல்லிகை கிலோ நாலாயிரம் ரூபாயைத் தொட்டதுண்டு. பத்திரிகைகளில் அதுதான் வருகிறது. படிப்பவர்கள் பூ விவசாயி கோடீஸ்வரனாகிவிட்டான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த நாலாயிரம் ரூபாய் நாளில் அவனுடைய செடியில் பூவே இருக்காது! செடி நிறையப் பூக்கும் கோடையில், விலை தரையில் கிடக்கும். பறிகூலியும் வண்டிச் சத்தமும் மண்டிக் கமிஷனும் போக மிச்சம் பார்க்க முடியாத நாட்கள் உண்டு. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது சந்தை மூடி, மூட்டை மூட்டையாகப் பூவைக் குப்பையில் கொட்டினார்கள். கோவிலும் மூடியிருந்தது; கல்யாணமும் இல்லை.

சத்தியமங்கலம், கோவை, நிலக்கோட்டைப் பக்கங்களில் உள்ள வாசனை ஆலைகள், விலை விழும்போது பூவை வாங்கிக்கொள்கின்றன. அந்த மட்டில் உதவிதான். குப்பைக்குப் போவதை விட ஆலைக்குப் போவது மேல். ஆனால் இது மழை பெய்யும்போது மட்டும் ஒண்டுகிற திண்ணை. வீடு அல்ல.

மருந்தில்லாப் பூ

ஜின் செய்கிறவர்கள் "இயற்கை முறையில் வளர்த்த பூ" வேண்டும் என்கிறார்கள். இதைப் பணக்காரப் பகட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. விஷயம் இருக்கிறது.

மல்லிகைக்கு எதிரிகள் அதிகம். மொட்டைக் குடைந்து தின்னும் மொட்டுப்புழு. மொட்டுக்குள் முட்டையிட்டு அதைச் சிவக்கவைத்துக் கருக்கும் மொட்டு ஈ. இலையை வெளுக்கவைக்கும் சிலந்திப்பேன். விவசாயி பயந்துபோய்ப் பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கிறான். தலையில் வைக்கும் பூ, தின்கிற பண்டமா என்ன என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அடிக்கிறவன் மூச்சில் அது போகிறது. பறிக்கிறவள் விரலில் ஒட்டுகிறது. பூவைச் சாராயத்தில் ஊறவைத்தாலோ, ஒட்டியிருக்கும் மருந்தும் மணத்தோடு இறங்கிவிடும். ஒரு டன்னை ஒரு கிலோவாகச் சுருக்கும்போது எது எது சுருங்கிச் சேருமோ!

மருந்தில்லாமல் வளர்க்க முடியுமா? முடியும். மொட்டு ஈயின் புழு மண்ணில் இறங்கித்தான் கூட்டுப்புழு ஆகிறது. செடியடி மண்ணைக் கிளறிவிட்டு வேப்பம் புண்ணாக்கு இட்டால் பாதித் தொல்லை அங்கேயே அடங்கும். கெட்டுப்போன மொட்டைப் பறித்து அழிக்க வேண்டும். வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்க வேண்டும். இரவில் விளக்குப் பொறி வைக்க வேண்டும். எல்லாம் தெரிந்த வித்தைதான். ஆனால் ஆள் வேலை கூடும். முதலில் சில பருவம் விளைச்சல் குறையும்.

சான்றிதழும் வேண்டும். கோவையில் இதற்கென்றே தமிழ்நாடு சர்க்காரின் அங்ககச் சான்றுத்துறை இருக்கிறது. மல்லிகை பல ஆண்டுப் பயிர் என்பதால் மூன்று ஆண்டுகள் மருந்து இல்லாமல் வளர்த்துக் காட்ட வேண்டும். அந்த மூன்று ஆண்டும் செலவு இயற்கை முறைச் செலவு. விலையோ சாதாரணப் பூவின் விலை! இந்த நஷ்டத்தை யார் தாங்குவது? சீசாவின் மேல் "இயற்கை" என்று தங்க எழுத்தில் அச்சடிக்கப் போகிறவர் தாங்குவதுதானே நியாயம்?

இரண்டு ஊர்கள் சொல்வது

பிரான்சில் கிராஸ் என்ற ஊர் மல்லிகைக்குப் பெயர் பெற்றது. மலிவான பூ எகிப்திலும் இந்தியாவிலும் கிடைக்க ஆரம்பித்ததும் அங்கே தோட்டங்கள் மறைந்தன. கோவில்பதாகைப் பக்கம் போலவே மனைகளாயின. அப்போது, 1987-ல், ஷனேல் என்ற வாசனைக் கம்பெனி கிராஸ் அருகே முல் குடும்பத்தாரின் தோட்டத்தோடு நீண்டகால ஒப்பந்தம் செய்துகொண்டது. தோட்டத்திலேயே சாறு எடுக்கும் ஆலையும் வந்தது. தன் 1921-ம் ஆண்டு வாசனைத் திரவியத்துக்கு அந்த மண்ணின் மல்லிகை வேண்டும் என்பது கம்பெனியின் சுயநலம். சுயநலமாகவே இருக்கட்டும். பூப்பதற்கு முன்பே வாங்க ஆள் உண்டு என்ற நிச்சயம் கிடைத்தது. தோட்டம் இன்றும் இருக்கிறது.

இன்னொரு ஊர் இந்தியாவிலேயே இருக்கிறது. "ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்பார்கள். அந்த இலுப்பையின் இனம்தான் வடக்கே மஹுவா. மத்தியப் பிரதேசத்தின் பழங்குடி மக்கள் அதிகாலையில் மரத்தடியில் உதிர்ந்த பூவைக் கையால் பொறுக்கி, உலர்த்தி, வடித்துக் குடிப்பது பரம்பரை வழக்கம். வெள்ளைக்காரர்கள் அதைக் குற்றமாக்கினார்கள். பூவைப் பொறுக்கியவர்கள் பூவை மட்டும் விற்றுக்கொண்டிருந்தார்கள். மத்தியப் பிரதேச சர்க்கார் 2021-ல் அதைப் பாரம்பரிய மது என்று அறிவித்தது. அலிராஜ்பூரில் பழங்குடியினரின் சுய உதவிக்குழுவே வாலை வைத்து வடித்துச் சீசாவில் அடைக்கத் தொடங்கியது. பூ பொறுக்கும் கையே சீசாவுக்கும் சொந்தக்காரக் கை ஆயிற்று.

மது அல்லவா?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். மதுவுக்குப் பூ வளர்ப்பதா? பெருமாளுக்குப் போன பூ, குடிகாரன் தம்ளருக்குப் போவதா?

ஆட்சேபத்தை அலட்சியம் செய்யக் கூடாது. 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய மாநிலம் இது. 1948-ல் மாகாணம் முழுவதும் அமுலாயிற்று. 1971-ல் தளர்ந்தது. 2003 முதல் சர்க்காரே கடை வைத்து விற்கிறது. குடியால் அழிந்த குடும்பம் இல்லாத தெரு இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இந்த மண்ணில் வாலை என்ற சொல்லைச் சொல்லும்போதே நாக்குக் கூசத்தான் வேண்டும். பூ போட்டதால் மது புனிதமாகிவிடாது. "கைவினை" என்று பட்டம் சூட்டினாலும் ஆகிவிடாது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மதுவைத் தடுக்கும் பொறுப்பைப் பூக்காரியின் தலையில் சுமத்த முடியுமா? கரும்பு பயிரிடுகிறவரிடம் யாரும் கேட்பதில்லை. ஆலையின் கழிவுப்பாகு சாராயமாகத்தான் போகிறது. மல்லிகைச் சாறு மதுவுக்கும் போகலாம். சோப்புக்கும், ஊதுவத்திக்கும், சென்ட்டுக்கும் போகலாம். விளைவிக்கிறவர் ஒரே வாங்குபவரை நம்பிக் கிடக்காமல், எதற்கு வேண்டுமானாலும் கொடுக்கக்கூடிய சரக்காக அதை மாற்றிக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம். ஜின் மோஸ்தர் நாளைக்கே மாறலாம். சென்ட்டும் ஊதுவத்தியும் மாறாது.

ஆகையால் கேட்க வேண்டியது வடிசாலை அல்ல. பூ விவசாயிகள் கூட்டாகச் சேர்ந்து நடத்தும் ஒரு சாறு எடுக்கும் நிலையம். வெங்கல், தாமரைப்பாக்கம் வட்டாரத்துக்கு ஒன்று போதும். கோயம்பேட்டில் விலை இருந்தால் பூ சந்தைக்குப் போகட்டும்; விழுந்தால் நிலையத்துக்குப் போகட்டும். ஒரு இரவுப் பண்டம் வருஷக்கணக்குப் பண்டமாகட்டும். பால்காரர் கூட்டுறவு இல்லாமல் இருந்த காலத்தில் பாலுக்கும் இந்தக் கதிதான். சாயங்காலத்துக்குள் விற்காவிட்டால் திரிந்துவிடும் என்று, கேட்ட விலைக்குக் கொடுத்தார்கள். குளிர்பதன நிலையம் வந்த பிறகுதான் பால்காரர் தலை நிமிர்ந்தார். பூவுக்கு அந்த நிலையம் இன்னும் வரவில்லை.

ஜின் கம்பெனியோ, சென்ட் கம்பெனியோ, "கையால் பறித்த பூ" என்று சீசாவில் எழுதுகிறவர் எவரானாலும், அந்தக் கைக்குக் கிலோவுக்கு என்ன கூலி என்பதையும் எழுதட்டுமே! செம்பு வாலையின் படம் போடுகிறார்கள். மலையின் படம், ஏரியின் படம் போடுகிறார்கள். நெற்றி விளக்கோடு குனிந்து நிற்கும் பெண்ணின் படத்தைக்கூடப் போடுவார்கள், அழகாக இருக்கிறது என்று. கூலியை மட்டும் போட மாட்டார்கள்.

ஒப்பந்தம் பேசுவதற்கும் ஒரு பருவம் உண்டு. பூத்த பிறகு பேசினால் பேச்சு அன்றோடு முடிந்துவிடும். குண்டு மல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்துச் செய்கிறார்கள். முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு, எருப் போட்டுத் தண்ணீர் கட்டுகிறார்கள். மார்ச்சில் புது மொட்டு திரளும். நடுவில் மூன்று மாதம் செடி மொட்டையாக நிற்கும். அந்த மூன்று மாதமும் விவசாயிக்கு அவசரம் இல்லை. வாங்குகிறவர் வரட்டும். கிலோவுக்கு என்ன, பறிகூலிக்கு என்ன, மருந்தில்லாத மூன்று ஆண்டுக்கு என்ன என்று அப்போது பேசட்டும்.